வறுத்த மல்லியின் நிறம்

அண்ணாதுரை மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தது 2008ஆம் வருஷம், பங்குனி நடுவில். மன்னார்குடியிலிருந்து வாடகைக் காரில் இரண்டு பெட்டிகளோடு அவன் பூவத்தங்குடிக்குள் நுழைந்தபோது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். காரிலிருந்து இறங்கியபோது கழற்றவில்லை. அக்கா ராசம்மாள் ஆரத்தி சுற்றியபோதும் கழற்றவில்லை. ஹாலுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகும் அது முகத்திலேயே இருந்தது.

"பதினஞ்சு வருஷம் வெளிநாட்டுல இருந்த ஆளு. அப்படித்தான் இருப்பாரு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவன் மனைவி பொன்னுத்தாயும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தாள்.

அந்த வீட்டைப் பக்கத்தில் நின்று கட்டியவள் பொன்னுத்தாய்தான். ஆனால் ஒவ்வொரு நிறத்தையும் போனில் சொன்னவன் அண்ணாதுரை. ஹாலுக்குக் கிளிப்பச்சை. படுக்கை அறைக்கு ரோஸ். சமையல்கட்டுக்கு எலுமிச்சை மஞ்சள். வெளிச் சுவருக்குக் கத்தரிப்பூ நிறம். உள்ளே அத்தனையும் எனாமல்; கிட்டப் போனால் முகம் தெரியும். தரைக்கு வெள்ளை டைல்ஸ், அறைக்கு இரண்டு டியூப்லைட். புதுமனை புகுவிழாவுக்குக்கூட அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. போட்டோவைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பளபளன்னு அடிச்சிருக்கலாம் பொன்னு" என்று மட்டும் சொன்னான்.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் ஒரு தலைமுறைக்கு முன்னால் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். கூரையைப் பிரித்துவிட்டுக் காரை வீடு கட்டும்போது யாரும் நிறத்தில் சிக்கனம் பிடிக்கவில்லை. பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள்.

வந்த மூன்றாம் நாளிலிருந்து அண்ணாதுரை ஹாலில் உட்காரவில்லை. கொல்லைப் பக்கம் நெல் மூட்டை அடுக்கும் ஒரு அறை இருந்தது. செங்கல் சுவர், பூச்சுகூடப் பூசாமல் விட்டது. சின்னதாக ஒரு ஜன்னல். அங்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்தான். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னான்.

"ஹால்ல ஃபேன் ஓடுதுங்க. இங்க வந்து வேர்வையில கெடக்குறீங்களே" என்று பொன்னுத்தாய் கேட்டால், "உள்ள வேக்காடா இருக்கு" என்பான். அதற்குமேல் பேச்சு நகராது.

வெளியே சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தான். டீக்கடைக்குப் போனான், உளுந்து பறித்து முடித்த வயலைக் காலையில் போய்ப் பார்த்தான், கண்ணாடியோடுதான். வீட்டுக்குள் மட்டும் கால் வைக்க மறுத்தான். இத்தனை வருஷம் தனியாக இருந்து அவனுக்குத் தான் வேண்டாம் என்று ஆகிவிட்டதோ என்று பொன்னுத்தாய் நினைத்தாள். அதை யாரிடமும் கேட்க முடியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு சமையலர். இருநூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் கிண்டிக்கொண்டே அதை நினைத்து நினைத்து, ஒருநாள் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

ஏப்ரல் மாதத்தில் பரீட்சை முடிந்து சீக்கிரம் விட்ட ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தாள். மேற்குப் பார்த்த வாசல். வெயில் நேராக ஹாலுக்குள் விழுந்து, வெள்ளைத் தரையில் பட்டு, பச்சைச் சுவரெல்லாம் எகிறிக்கொண்டிருந்தது. அண்ணாதுரை பீரோவுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கண்களை இறுக்கி மூடியிருந்தான். இரண்டு கையாலும் தரையைத் துழாவிக்கொண்டிருந்தான். கறுப்புக் கண்ணாடி ஒரு முழம் தள்ளி, மேஜைக்கடியில் கிடந்தது. கன்னமெல்லாம் தண்ணீர்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தூசி."

"தூசிக்கா இப்படி? கண்ணைத் தொறங்க, பாப்போம்."

"தொறக்க முடியாது பொன்னு" என்றான். அந்தக் குரலை அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை.

கையைப் பிடித்துக் கொல்லை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து அவன் கண்ணைத் திறந்தான். இடது கண் சிவந்திருந்தது. வலது கண்ணில், கருவிழியின்மேல், பால் சொட்டியதுபோல ஒரு வெள்ளைத் தழும்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மஸ்கட்டில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு இரும்புத் துணுக்கு தெறித்துக் கண்ணில் ஏறியிருக்கிறது. ஆபரேஷன் செய்து எடுத்தார்களாம். அதற்கு முன்பே வருஷக் கணக்கில் வெல்டிங் வெளிச்சம் இரண்டு கண்ணையும் தின்றிருந்தது. பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிறது. கடைசி ஆறு மாதம் அதை மறைத்து வேலை பார்த்திருக்கிறான். கடைசியில் மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டான். வேலை போய்விட்டது. வீட்டுக்குள்ளும் நாள் முழுக்கக் கண்ணாடியோடு இருந்தால் தெரிந்துவிடும் என்றுதான் கொல்லை அறைக்குப் போயிருக்கிறான்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லி என்ன ஆவப் போவுது? நீ அழுவ. புள்ள படிப்ப விட்டுட்டு ஓடியாரும்."

பொன்னுத்தாய் அழவில்லை. அவன் தன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, வீடுதான் அவனை உள்ளே விடவில்லை என்று தெரிந்ததும், பதினைந்து நாளாக நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கிப் போனது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுவாரம் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் மகள் செம்மொழி அங்கேதான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பெண்ணிடம் சொல்லக்கூடாது என்று அண்ணாதுரை சத்தியம் வாங்கியிருந்ததால், ஹாஸ்டல் பக்கம் போகாமலே கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தழும்பை அழிக்க முடியாது, இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்தை விடக்கூடாது, கண் கூசுகிற இடத்தில் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார்.

"கூசுற எடத்துலதாங்க வீடே இருக்கு" என்றாள் பொன்னுத்தாய். டாக்டருக்குப் புரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். கொல்லை அறையில் மட்டும் எப்படிக் கண்ணைத் திறக்கிறான்? இருட்டு என்றால், ஹாலிலும் ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிப் பார்த்தாயிற்று. மனுஷன் நடமாட முடியாத இருட்டில் வீடு எதற்கு? அந்த அறையில் வெளிச்சம் இல்லாமல் இல்லை. ஜன்னலில் வெயில் வருகிறது. செங்கல்லிலும் சாக்கிலும் விழுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. எகிறி வந்து கண்ணில் அடிப்பதில்லை.

மறுநாள் காலையில் பத்துப் பன்னிரண்டு சணல் சாக்குகளைத் தையல் பிரித்து, ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். தரையில் பழைய கோரைப்பாய் இரண்டை விரித்தாள். அவனைக் கூப்பிட்டாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்க."

"விளையாடாத."

"ஒரு தடவை கழட்டுங்க, சொல்றேன்."

சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பயந்து பயந்து கழற்றினான். கண்ணைக் கொட்டினான். கொட்டிக் கொட்டி, பிறகு நிறுத்தினான். நூறு எண்ணுகிற நேரம் அப்படியே இருந்தான்.

"இந்தப் பக்கம் பரவாயில்ல" என்றான்.

அவளுக்கு அது போதும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். வீடு முழுக்கத் தவிட்டு நிறம், பழுப்பு, செம்பழுப்பு. மினுங்காத நிறம்.

சொன்னதும் முதலில் மறுத்தவன் அண்ணாதுரைதான்.

"வேணாம். அந்தச் சுவத்துல கை வைக்காத. அங்க கேம்ப்புல ஒரு ரூம்புக்கு எட்டுப் பேரு. வெளிய பாத்தா மண்ணு, உள்ள பாத்தா தகரம். படுத்துக்கிட்டு இந்தப் பச்சைச் சுவரைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன். அதைப் போயி சொரண்டிப் போடுவேங்கிற."

"நீங்க நெனச்ச சுவரு அப்படியேதான் நிக்குது. நீங்கதான் அதுக்குள்ள இல்ல. மூட்டையோட மூட்டையா கெடக்குறீங்க. இந்த வீட்டுல எனக்கு ஆளு இருக்கணுங்க. கலரு இல்லாட்டிப் போவுது."

"ஊரு என்ன சொல்லும்?"

ஊர் சொல்வதற்கு முன்னால் ராசம்மாள் வந்து சொல்லிவிட்டாள். பக்கத்து வீடு அவளுடையது. தம்பியின் கண் விஷயம் அவளுக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்று அவளுக்கும் சேர்த்துத்தான் சத்தியம்.

"ஏ பொன்னு, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? மண்ணு கலரா அடிக்கப் போற? எங்கப்பன் மண்ணு சுவத்துல பொறந்து மண்ணு சுவத்துல செத்தாரு. நாங்க சாணி பூசிப் பூசிக் கை தேஞ்சோம். இப்பத்தான் நாலு பேரு நம்ம தெருவப் பாத்து மூக்குல வெரல வைக்கிறான். பழையபடி குடிசைக்கே போயிட்டாளுங்கன்னு சிரிக்க மாட்டானா?"

"குடிசையில நானும் இருந்திருக்கேன் அண்ணி. மழைக்குச் சுவரு கரைஞ்சு என் தங்கச்சி மேல விழுந்துச்சு. மண்ணு சுவரு மேல எனக்கு ஆசை ஒண்ணும் கெடையாது. இது சிமெண்டுச் சுவரு. நாளைக்கும் சிமெண்டாத்தான் இருக்கும். நான் கேக்குறது நெறம். எந்த நெறம் அடிக்கணும்னு நமக்கு இன்னொருத்தன் சொல்லணுமா?"

ராசம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ஒரு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை.

மன்னார்குடியில் நிறம் கலக்கும் மெஷின் வைத்திருந்த பெயிண்ட் கடைக்குப் பொன்னுத்தாய் ஒரு துணி முடிச்சோடு போனாள். மெஷினுக்குப் பக்கத்தில் கழுத்தில் சிலுவை டாலர் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். பெயர் பிரின்ஸி.

"பிரவுனா? இரும்புக் கேட்டுக்கா, ஜன்னலுக்கா அக்கா?"

"சுவத்துக்கு."

"சுவத்துக்கு யாரும் கேக்க மாட்டாங்களே" என்று பிரின்ஸி நிறங்கள் அடுக்கிய அட்டையை நீட்டினாள். சீட்டு சீட்டாக நூறு பழுப்புகள். இங்கிலீஷில் பெயர்கள். பொன்னுத்தாய் அட்டையை மூடி வைத்துவிட்டுத் துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஆறு காகிதப் பொட்டலங்கள். ஒன்றில் கொட்டை எடுத்த புளி. ஒன்றில் சுக்கு. ஒன்றில் வேர்க்கடலைத் தோல். மற்ற மூன்றிலும் கொத்துமல்லி விதை: ஒன்று வாசனை வரும் மட்டும் வறுத்தது, ஒன்று சாம்பார்ப் பொடிக்கு வறுக்கிற பக்குவம், ஒன்று அதையும் தாண்டிக் கருக விட்டது.

"இருவது வருஷமா அடுப்படியில நிக்கிறேன் தங்கச்சி. எனக்கு நெறம் இப்படித்தான் தெரியும். இந்த மாதிரி வேணும்."

பிரின்ஸி பொட்டலங்களை மேஜைமேல் வரிசையாக வைத்து, குனிந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. "அக்கா, இந்தக் கடைக்கு நான் வந்து மூணு வருஷம் ஆவுது. எல்லாரும் ரோஸு, ஊதான்னுதான் கேப்பாங்க. ஒருத்தரும் இப்படி வந்ததில்ல. எதுக்குன்னு கேக்கலாமா?"

யாரிடமும் சொல்லாததைப் பொன்னுத்தாய் அந்த அறிமுகமில்லாத பெண்ணிடம் சொன்னாள். சொல்லி முடித்ததும் பிரின்ஸி வேலையில் இறங்கிவிட்டாள். எனாமல்மேல் அப்படியே அடித்தால் நிற்காது, தோல் தோலாக உரியும். முதலில் உப்புத்தாளால் சுவர் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பைச் சாகடிக்க வேண்டும். பிறகு பிரைமர், பட்டி, மறுபடியும் தேய்ப்பு, கடைசியில் மினுங்காத ரகப் பெயிண்ட் இரண்டு கை.

"பெயிண்டருங்க யாரும் எனாமல் தேய்க்க வர மாட்டாங்கக்கா. கை போயிடும்பாங்க."

"என் கை போவாது" என்றாள் பொன்னுத்தாய்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஹாலுக்கு நடுப் பக்குவம் போதும் என்றாள் பிரின்ஸி. சாக்கைவிட அடர்த்தியாக இருந்தால்தான் கண்ணுக்கு இன்னும் சுகம் என்று கருகிய மல்லியைக் காட்டினாள் பொன்னுத்தாய். "இருட்டடிச்சுப் போயிடும்க்கா" என்று பிரின்ஸி இரண்டு தடவை சொன்னாள். பொன்னுத்தாய் கேட்கவில்லை.

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. முதல் தேதியே சேலைக்குமேல் அண்ணாதுரையின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளோடு சுவரில் நின்றாள். அண்ணாதுரை கொல்லை அறையை விட்டு வரவில்லை. சரக் சரக்கென்று அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் படுத்தான். பச்சைத் தூள் பறந்து அவள் புருவமெல்லாம் பச்சையானது. மூன்றாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம் கட்டியது. துணியைச் சுற்றிக்கொண்டு தேய்த்தாள். தெருப் பெண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சுவரைப் போயி ஏன்க்கா?" என்று கேட்டார்கள். "எனக்கு வேலை இருக்கு, அப்புறம் பேசுவோம்" என்றாள். பன்னிரண்டு நாளில் தேய்ப்பு முடிந்து, பட்டி பூசி, நாலு சுவரும் நிறம் ஏறி நின்றன.

ஏறிய நிறத்தை அவள் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். ஹால் சுருங்கிப் போயிருந்தது. சுவர் எங்கே முடிகிறது, மூலை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பகலிலேயே விளக்குப் போட வேண்டும்போல இருந்தது.

அண்ணாதுரையைக் கூப்பிட்டாள். வந்தான். கண்ணாடியைக் கழற்றினான். கண் கூசவில்லை, தண்ணீரும் வரவில்லை. ஆனால் நடு ஹாலில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "கப்பலோட அடித்தட்டு மாதிரி இருக்கு பொன்னு" என்று மெதுவாகச் சொன்னான். அவன் அப்படிப்பட்ட இடங்களில் எத்தனை வருஷம் படுத்து வேலை செய்தவன் என்று அவளுக்குத் தெரியும்.

பொன்னுத்தாய் பாயில் உட்கார்ந்தாள். கை இரண்டும் எரிந்தன. "தப்பு எம்மேலதான். அந்தப் பொண்ணு ரெண்டு தடவை சொல்லுச்சு, நான் கேக்கல" என்றாள். பிறகு எழுந்தாள். "திரும்ப அடிக்கிறேன்."

"இந்தக் கையை வச்சுக்கிட்டா?"

"வேற கை இல்லையே எனக்கு."

பொன்னுத்தாய் போனில் சொன்னதைக் கேட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பிரின்ஸி ஸ்கூட்டியில் பூவத்தங்குடிக்கே வந்துவிட்டாள். சுவரைப் பார்த்து, "நான் சொன்னேன்ல" என்று அவள் சொல்லாததே பெரிய மரியாதையாக இருந்தது. ஹாலின் நாலு மூலையிலும் நின்று பார்த்தாள். ஒரே நிறம் கூடாது, மூன்று வேண்டும் என்றாள். தரையிலிருந்து இடுப்பளவுக்கு இப்போது இருக்கிற அடர்த்தியே இருக்கட்டும். அதற்குமேல் நடுப் பக்குவ மல்லி. ஜன்னல் இருக்கிற சுவருக்கு மட்டும் சுக்கு நிறம். மேல் தளத்துக்கு வெள்ளை வேண்டாம், பால் நிறைய ஊற்றிய டீயின் நிறம். டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் குண்டு பல்பு. தரைக்கு அகலமான கோரைப்பாய். ஜன்னலுக்குப் புளி நிறத்தில் கெட்டித் துணி.

"இடுப்புக்கு மேல திரும்பவும் லேசாத் தேய்க்கணும்க்கா. இல்லேன்னா நெறம் ஏறாது."

அவள் போன பிறகு பொன்னுத்தாய் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பத்து இழுப்பு இழுத்திருப்பாள். கொப்புளம் உடைந்து உப்புத்தாள் நனைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கைக்கு மாற்றினாள்.

அண்ணாதுரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து உள்ளே வந்தான். கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தான். சுவரில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான், மாட்டைத் தடவுகிற மாதிரி.

"இங்க பாரு. இங்க மேடு, இங்க பள்ளம். நீ தேய்ச்சது ஒரு சீரா இல்ல."

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க."

"எறங்கு."

"கண்ணுக்குள்ள தூள் போவும்."

"கண்ணை மூடிக்கிறேன். உப்புத்தாள் தேய்க்கக் கண்ணு எதுக்கு? பதினஞ்சு வருஷமா இரும்பையே தேய்ச்சவன்டி நான்."

ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றினான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் சுவரைத் தொட்டுப் பார்த்து, வலது கையால் வட்டம் வட்டமாக இழுத்தான். பொன்னுத்தாய் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய வேலையை அவள் பார்த்ததே இல்லை. பதினைந்து வருஷம் அவன் எழுதிய கடிதமும் பேசிய போனும்தான் அவளுக்குத் தெரியும், அந்தக் கை தெரியாது. தோளிலிருந்து விரல்நுனி வரைக்கும் ஒரே இழுப்பாக, அலட்டிக்கொள்ளாமல் போய் வந்தது. அவன் தேய்த்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். எழுதுகிற காகிதத்தைத் தொட்டது போலிருந்தது.

"மன்னிச்சிருங்க" என்றாள். "உங்க பச்சையை அழிச்சதுக்கு."

அவன் நிறுத்தவில்லை. "வாசக் கதவு மட்டும் பச்சையா இருக்கட்டும்" என்றான். "வெளிய போறப்ப எப்படியும் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான போவணும். பாத்துட்டுப் போறேன்."

"கிளிப்பச்சைதான?"

"கிளிப்பச்சைதான்."

அன்றிலிருந்து ஒரு வாரம் இரண்டு பேரும் வேலை செய்தார்கள். அவன் தேய்ப்பான், அவள் நிறம் அடிப்பாள். நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே கோடு நேராக வருவதற்கு நூல் பிடித்துக் கொடுத்தான். கண் வலித்தால் பாயில் சாய்ந்துகொள்வான். கொல்லை அறைக்குப் போவதை எப்போது விட்டான் என்று அவர்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் செம்மொழி லீவுக்கு வந்தாள். அப்பா வந்த புதிதில் ஒரே ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் பரீட்சைக்குத் திரும்பியவள். வாசலில் நின்று ஹாலைப் பார்த்து, "அம்மா, நம்ம வீடா இது?" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். மாலை நாலு மணி. மேற்கு வெயில் புளி நிறத் திரைக்குப் பின்னால் நின்று, மல்லி நிறச் சுவரில் இதமாகப் படிந்திருந்தது. அண்ணாதுரை கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

அவளையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"என்னப்பா?"

"மூக்குக்குப் பக்கத்துல உனக்கு ஒரு மச்சம் இருக்கே. எப்ப வந்துச்சு?"

"சின்ன வயசுலேருந்து இருக்குப்பா."

"போட்டோவுல தெரியல" என்றான். "அன்னைக்கு நீ வந்தப்பவும் சரியாப் பாக்கல."

நர்சிங் படிக்கிற பெண்ணுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நகர்ந்து வந்து, அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, வலது கண்ணைப் பார்த்தாள். இமையை விரலால் மெல்ல உயர்த்தினாள். பிறகு கேட்டாள். "சொட்டு மருந்து எத்தனை வேளைப்பா போடுறீங்க?"

"நாலு."

"நேரம் தவறாம?"

"உங்கம்மா விடுவாளா?"

பொன்னுத்தாய் சமையல்கட்டுக்குள் போனாள். டீ போடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அடுப்பைப் பற்றவைக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, பிறகு பற்றவைத்தாள்.

ராசம்மாள் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. செம்மொழி போய் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். வந்தவள் தம்பியின் கண்ணைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"எனக்கு இது பிடிக்கல. சொல்லிட்டேன்."

"பிடிக்க வேணாங்க்கா" என்று அண்ணாதுரை சிரித்தான். "உக்காரு. டீ குடி."

உட்கார்ந்தாள். டீயைக் குடித்துக்கொண்டே, "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் பொன்னு. சொல்லியிருந்தா நானும் வந்து ரெண்டு இழுப்பு இழுத்திருப்பேன்ல" என்றாள்.

"இன்னும் ரெண்டு ரூம்பு கெடக்கு அண்ணி."

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. செம்மொழி தஞ்சாவூருக்குத் திரும்பினாள். ஆற்றில் தண்ணீர் வருமா, குறுவை போடலாமா என்று தெருவில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் பிரின்ஸி போன் செய்திருந்தாள். கடைக்கு வந்த ஒருவர் வீட்டிலும் எனாமல் தேய்க்க ஆள் தேடுகிறார்களாம், அண்ணன் வருவாரா என்று கேட்டாள். "எங்க வீடு முடியட்டும், அப்புறம் சொல்றேன்னு சொல்லு பொன்னு" என்றான் அண்ணாதுரை. சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

ஒரு திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பொன்னுத்தாய் வீட்டுக்கு வந்தபோது படுக்கை அறையில் சத்தம் கேட்டது. ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அவன் ரோஸ் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை, மீசை, தோள் எல்லாம் ரோஸ் தூள். ஒரு சுவர் ஏற்கனவே முடிந்திருந்தது.

"நான் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"நீ வந்து ஆரம்பிச்சா அப்புறம் நான் திரும்பத் தேய்க்கணும்."

பையை வைத்துவிட்டுப் பழைய சட்டையை மாட்டினாள். தலையில் துண்டைக் கட்டினாள்.

"இந்த ரூம்புக்கு என்ன நெறம் சொன்ன?"

"வேர்க்கடலைத் தோல்."

"அது கொஞ்சம் செவப்பா இருக்குமே."

"கொஞ்சம் செவப்பு இருந்தா உங்க கண்ணு தாங்கும். பாத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, அவன் நீட்டிய உப்புத்தாளை வாங்கி எதிர்ச் சுவரின் அடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.